இயந்திரத்துக்குச் சொற்கள் வந்த வருடம்

எழுபதுகளின் நடுவில் இரண்டரை வருடம் நான் கம்ப்யூட்டராக இருந்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் நியமன உத்தரவில் பதவியின் பெயர் அப்படித்தான் தட்டச்சாகியிருந்தது. கணக்குப் போடுகிற ஆளுக்கு அரசாங்க ஆபீஸ்களில் அப்போது அதுதான் பெயர்.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் ஒரு மச்சு வீட்டை வாடகைக்கு எடுத்து, நிலத்தடி நீர் ஆய்வு முகாம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் அறுபது கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று வாரம் ஒரு முறை அளப்பார்கள். அந்த எண்களை வைத்து, பூமிக்கு அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. அப்பாவுக்கு பஜாரில் பருத்திவிதை, புண்ணாக்குக் கடை. எங்கள் வகையறாவில் அதுவரை எந்தப் பெண்ணும் சம்பளத்துக்கு வேலைக்குப் போனதில்லை. ஆபீஸ் நடந்து போகிற தூரத்தில் இருந்ததாலும், ஆபீசர் பேரன் பேத்தி எடுத்தவர் என்பதாலும் அப்பா சம்மதித்தார். "ஒரு வரன் அமையிற வரைக்கும் போய்ட்டு வரட்டும்" என்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

முதல் ஆறு மாதம் கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் இரும்பு மெஷினோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு நாள் மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து அந்த இயந்திரம் வந்தது. பார்வைக்குப் பெரிய டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். எழுத்துக்கட்டைகளுக்கு மேலே சாண் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. நாம் ஒரு வரி அடித்து ஓரத்தில் இருக்கும் பெரிய கட்டையை அழுத்தினால், அந்தக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளிகளால் எழுதிப் பதில் சொல்லும். பெருக்கச் சொன்னால் பெருக்கும். சராசரி எடுக்கச் சொன்னால் எடுக்கும். பத்து வரி, இருபது வரி சேர்த்து எழுதி, ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். அதற்குப் புரியாததை அடித்துவிட்டால் ஒரு தடவை கூவிவிட்டு, தப்பு என்று ஒரு நம்பரை மட்டும் காட்டும். எந்த நம்பருக்கு என்ன தப்பு என்று ஒரு பெரிய தாள் சுவரில் ஒட்டியிருந்தது. கூவினதும் எழுந்து போய்ச் சுவரைப் பார்க்க வேண்டும்.

கரிசல் புழுதி உள்ளே போய்விடக் கூடாது என்று அந்த அறைக்கு மட்டும் கதவிடுக்கில் துணி அடைத்திருந்தார்கள். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிப்பார்கள். ஊரே குடத்தோடு அலைந்த வருடங்களில் ஓர் இயந்திரத்துக்காக ஜன்னலில் தண்ணீர் தெளித்தோம். அன்று அதை நான் யோசித்ததில்லை.

கிணறுகளை அளந்து வந்தவர் எங்கள் கள உதவியாளர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கூலி வேலை செய்த குடும்பம். அந்த வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவர், ஐ.டி.ஐ.யும் படித்தவர். காலையில் ஜீப்பில் புறப்பட்டுப் போய் நாளைக்குப் பத்துக் கிணறு பார்ப்பார். எஃகு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தடவிக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். எதுவரை சாக்பீஸ் நனைந்திருக்கிறதோ அதை வைத்துத் தண்ணீரின் ஆழம் தெரியும். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, வாசல் குழாயில் முகம் கழுவிவிட்டு, இயந்திரத்துக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நோட்டைப் பிரித்து வாசிப்பார்.

"ஏழாம் நம்பர். பதினொண்ணு புள்ளி நாலு அஞ்சு."

நான் அடித்துவிட்டுத் திருப்பிச் சொல்வேன். "பதினொன்று புள்ளி நாலு ஐந்து."

"சரி."

இப்படிப் பத்துக் கிணறு. பிறகு போன வாரத்து எண்களையும் வாசிப்பார். ஏனென்றால் அந்த இயந்திரத்துக்கு ஞாபகம் என்பது கரண்ட் இருக்கும் வரைதான். சாயந்தரம் அணைத்தால் எல்லாம் போய்விடும். மறுநாள் பழைய எண்களையெல்லாம் மறுபடி சொல்லியாக வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அருப்புக்கோட்டையில் அந்தக் காலத்தில் கரண்ட் போகாத நாள் ஏது? விசிறி நின்று, கண்ணாடியில் சிவப்பெழுத்து அணைந்ததும் இருவரும் கரண்ட் வரக் காத்திருப்போம். அந்த நேரத்தில் அவர் அன்றைக்குப் பார்த்ததைச் சொல்லுவார். வீரசோழன் பக்கம் ஒரு கிணற்றில் ஆமை ஒன்று, டேப்பைக் கண்டதும் தலையை நீட்டி மேலே பார்த்தது என்பார். ஒரு கிணற்றுக்குள் இறக்கிய டேப்பில் நனைந்த தடமே இல்லாமல் வந்தது என்பார். கிணற்றுக்காரர் மூன்று தரம் இறக்கச் சொன்னாராம்.

"இன்னொரு தடவ விட்டுப் பாருங்கன்னாரு. விட்டேன். இல்ல. இன்னொரு தடவன்னாரு. டேப்புல தண்ணி வந்தா கெணத்துலயும் வந்துரும்னு நெனச்சாரு போல."

கரண்ட் வந்ததும் முதல் கிணற்றிலிருந்து மறுபடி வாசிப்போம். கரண்ட் போனால் நான் சலித்துக்கொள்வதை நிறுத்திப் பல மாதமாகியிருந்தது. ஒரு நாள் விசிறி நின்றபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் சலித்துக்கொள்ளவில்லை.

இதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை. நான் "இங்க பாருங்க" என்பேன். அவர் "ஏங்க" என்பார். ஆனால் இரண்டே முக்காலிலிருந்து என் காது ஜீப் சத்தத்துக்காக வாசலில் போய் நின்றுகொள்ளும். ஜீப் டிரைவர் ஆபீசில் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. வண்டியை நிறுத்தியதும் அவர்தான் உரக்கச் சொல்லுவார். "கம்ப்யூட்டரம்மா, பத்து கெணறு கொண்டாந்துட்டோம்!"

ஒன்றரை வருடம் போனபின், இயந்திரத்துக்குப் புதுப் பாகங்கள் வரப்போகின்றன என்று ஆபீசர் சொன்னார். பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். அவர் கொண்டுவந்த பெட்டியில் சோப்புப் பெட்டி அளவில் நாலைந்து தகரக் கட்டிகள் இருந்தன. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு மூடியைத் திறந்து, அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே செருகினார். அரை மணி நேர வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. அதே கட்டைகள், அதே கறுப்புக் கண்ணாடி.

"இனிமேல் இது வேறு இயந்திரம்" என்று சொல்லி, ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்தார். என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்பதற்கு மட்டுமே தனிப் புத்தகம்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறு சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதுவரை அது எண்களை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். இனி சொற்களையும் வைத்துக்கொள்ளும். தப்பாக அடித்த வரியை முழுதாக மறுபடி அடிக்க வேண்டாம், திரும்ப வரவழைத்து அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தலாம். தப்பு என்றால் எந்த வரியில், என்ன தப்பு என்று கண்ணாடியிலேயே சொல்லும். சுவரில் இருந்த தாள் தேவையில்லை. எல்லாவற்றையும் பாட்டு நாடா போன்ற ஒரு கேசட்டில் பதிந்து வைக்கலாம். கரண்ட் போனாலும் அழியாது. இன்னொன்றும் இருந்தது. அஞ்சலட்டை அளவில் கெட்டி அட்டைகள், அவற்றில் கட்டங்கள். கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கி ஒரு வாய்க்குள் விட்டால் எண்ணை இயந்திரமே படித்துக்கொள்ளும்.

ஆனால் பழையதற்காக நான் எழுதி வைத்திருந்த எதுவும் புதியதில் ஓடவில்லை. சில கட்டளைகளுக்கு வேறு சொல் வந்திருந்தது. சிலவற்றுக்குச் சொல் மாறவில்லை, அர்த்தம் மாறியிருந்தது. அதுதான் ஆளைக் கொன்றது. மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்த நாட்கள் வேறு இல்லை. ஒரு வரி அடிப்பேன், அது பதில் சொல்லும். அந்தப் பதிலைப் பார்த்து அடுத்த வரி அடிப்பேன். வீட்டில் யாரும் என் கேள்விக்கு அத்தனை உடனே பதில் சொன்னதில்லை.

சொற்கள் வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது கிணறுகளுக்குப் பெயர் வைப்பதுதான். நம்பர் போட்ட கிணறுகளுக்கு ஊரில் பெயர் இருக்கும் அல்லவா? அவரிடம் கேட்டேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். புளியமரத்துக் கிணறு, இரட்டைக் கமலைக் கிணறு, உப்புக் கிணறு, பிள்ளை விழுந்த கிணறு. இங்கிலீஷ் எழுத்தில், எட்டு எழுத்துக்குள் சுருக்கி அடிக்க வேண்டும். 'புளியமரம்' என்பதைச் சுருக்கினால் வேறு என்னவோ மாதிரி வந்தது. இருவரும் சிரித்தோம்.

"முப்பத்தொன்று?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "அது நம்பராவே இருக்கட்டுங்க."

"பெயர் இல்லையா?"

"இருக்கு. இருக்கட்டும், விடுங்க."

விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த அச்சுப் பெட்டியிலிருந்து பட்டியல் வந்தபோது ஐம்பத்தொன்பது கிணறுகளுக்குப் பெயர் இருந்தது. ஒன்றுக்கு நம்பர்.

அட்டைகளும் வந்து சேர்ந்தன. கிணற்றடியிலேயே பென்சிலால் கட்டத்தை நிரப்பிவிடுமாறு ஆபீசர் அவருக்குச் சொன்னார். முதல் நாள் மூன்று மணிக்கு அவர் முகம் கழுவிவிட்டு வந்தார், பத்து அட்டைகளை மேசை மேல் வைத்தார். நான் அவற்றை இயந்திரத்தின் வாயில் ஒவ்வொன்றாக விட்டேன். நாலு நிமிஷம். போன வார எண்கள் கேசட்டிலிருந்து தானாக வந்தன. அவர் முக்காலியைப் பாதி இழுத்தவர், கையை எடுத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

"நல்லாருக்கு" என்றார். "அப்ப நான் வாரேன்."

அவர் வெளியே போனபிறகுதான், நான் மூன்று வாரமாக உட்கார்ந்து எதை எழுதி முடித்திருக்கிறேன் என்பது உறைத்தது. அவர் வாசிக்க வேண்டிய தேவையை நானே, என் கையால், வரி வரியாக இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மணி வெறுமையாகப் போனது. அட்டைகளை வாசலில் பியூனிடம் கொடுத்துவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சில நாள் அவர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கரண்ட் போகும். இயந்திரத்துக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன்.

புதிதாக எழுதியவற்றில் ஒன்று, வாரா வாரம் எண்களை ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தனியாக அச்சடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அதை ஓட்டியபோது ஒரே ஒரு வரி வந்தது. முப்பத்தொன்றாம் கிணறு. ஏழு வாரமாக ஒரே அளவு, பதினொன்று புள்ளி இரண்டு. சுற்றி உள்ள கிணறுகளெல்லாம் வாரம் ஒரு முழம் இறங்கிக்கொண்டிருந்தபோது அது மட்டும் அசையாமல் நின்றது. நாங்கள் வாசித்துத் திருப்பிச் சொன்ன காலத்தில் இது எங்கள் இருவர் காதிலும் விழாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. அல்லது ஒருவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஆபீசர் பார்த்தால் கள உதவியாளரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பார். அந்தத் தாளை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் அட்டை கொடுக்க வந்தபோது உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

தாளை வாங்கிப் படித்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது எங்க ஊருக் கெணறு" என்றார். "மத்த ஊர்ல ஜீப்புல போயி எறங்குனா, பேண்ட்டு சட்டையப் பாத்து ஆபீசருன்னு நெனச்சு கட்டில எடுத்துப் போடுவாக. எங்க ஊர்ல அப்பிடி இல்ல. அந்தக் கெணத்து மேட்டுல நாங்க ஏறக் கூடாது. எங்க அம்மா கீழ நின்னு கொடத்த நீட்டும். யாராச்சும் மேல இருந்து ஊத்தணும். நான் டேப்பைக் கொண்டுக்கிட்டுப் போனா ஊருக்குள்ள தகராறு. நான் சாயந்தரம் ஜீப்புல வந்துருவேன். அம்மா அங்கதான இருக்கணும்?"

"அப்புறம் யார் அளக்கிறது?"

"டிரைவர் அண்ணன். அவுக போனா ஒண்ணும் சொல்ல மாட்டாக."

டிரைவரைக் கூப்பிட்டேன். தாளைக் காட்டியதும் தலையைச் சொறிந்தார்.

"எனக்குக் கெணத்த எட்டிப் பாத்தா தல சுத்தும்மா. முன்னயெல்லாம் எப்பிடியோ அளந்துட்டேன், தண்ணி கீழ போகப் போக முடியல. ஏழு வாரமா கடைசியா அளந்ததையே சொல்லிக்கிட்டு இருக்கேன். தம்பி மேல பழி வந்துருமா?"

"வராது" என்றேன். எப்படி வராமல் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. திங்கட்கிழமை காலையில் ஆபீசரிடம் போய், ஒன்றரை வருடமாகக் கிணறுகளின் எண்களை அடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கிணற்றைக்கூடப் பார்த்ததில்லை, ஒரு நாள் ஜீப்பில் போய்வரட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்து, "போய்ட்டு வாம்மா, வெயிலுக்குக் குடை எடுத்துக்கோ" என்றார்.

பரளச்சியைத் தாண்டியதும் ரோடு என்று ஒன்று இல்லை. அறுத்து முடித்த சோளத் தட்டைகள் நிற்கும் காடுகள், இரண்டு பக்கமும் வேலிக்கருவேல், எங்கேயோ கரிமூட்டம் போடுகிற புகை. தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் இறங்கி ஏறி ஜீப் போனது. அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழியில் தெரிந்த கிணறுகளை நம்பர் சொல்லாமல், நாங்கள் பெயர் வைத்த அந்த எட்டெழுத்துச் சுருக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

கிணற்று மேட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி ஜீப் நின்றது. அவர் இறங்கவில்லை. டேப்பையும் சாக்பீஸையும் என் கையில் கொடுத்து, எப்படி இறக்க வேண்டும் என்று சொன்னார். நான் மேட்டில் ஏறினேன். கிணற்றுக்காரரின் மனைவி, "வா தாயி, டவுன்ல இருந்தா வார?" என்று முகம் மலர வரவேற்றார். குலம் கோத்திரம் விசாரித்துத் தெரிந்துகொண்டபின் மோர் கொண்டுவரச் சொன்னார். ஜீப்பில் இருந்தவரை அவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

டேப் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மேலே இழுத்துப் பார்த்தபோது நனைந்த இடம் பதினாலு புள்ளி எட்டைத் தொட்டது. ஏழு வாரத்தில் அந்தக் கிணறு மூன்றரை மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. ஜீப்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"பதினாலு புள்ளி எட்டு!"

"பதினாலு புள்ளி எட்டு" என்று அங்கிருந்து குரல் வந்தது. நான் "சரி" என்றேன். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்தக் குரலை அப்படிக் கேட்டேன்.

மேட்டுக்குக் கீழே, வெயிலில், நாலைந்து பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ. அதில் ஒல்லியாக ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எம் மகன் ஒங்க ஆபீசுலதான் இருக்கான். நல்லா வேல பாக்கானா தாயி?"

"அவர் இல்லேன்னா எங்க ஆபீசே ஓடாதும்மா" என்றேன்.

அந்த முகம் விரிந்ததை எப்படிச் சொல்ல? எனக்கு அங்கே சும்மா நிற்க முடியவில்லை. கயிற்றை வாங்கி, வாளியை உள்ளே விட்டு, கை எரிய எரிய இறைத்தேன். அந்த அம்மா குடத்தைத் தூக்கி நீட்டினார். நான் மேலே நின்று ஊற்றினேன். பிறகு மற்றவர்களுக்கும் ஊற்றினேன். கிணற்றுக்காரரின் மனைவி, "ஒனக்கெதுக்கு தாயி இந்தச் சோலி" என்று சொன்னாலும் தடுக்கவில்லை. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினேன்.

வருகிற வழியில் பரளச்சியில் ஜீப் நின்றது. அங்கே டிரைவர் பீடி வாங்க இறங்கினார். அப்போது முன்னால் இருந்தவர் திரும்பாமலேயே, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"கீழ எறங்கி வந்து ஊத்தியிருக்கலாம்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது, அந்த அம்மா கீழே நின்று குடத்தை நீட்டியது கண் முன் வந்தது.

"எனக்குத் தோணல" என்றேன்.

"தெரியும்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். "தோணாது. ஒங்க மேல தப்பு இல்ல."

டிரைவர் வந்து வண்டியை எடுத்தார்.

மறுவாரத்திலிருந்து டிரைவர் கிணற்றடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி டேப்பை இறக்கப் பழகினார். முப்பத்தொன்றின் பழைய எண்களுக்கு, அளவெடுத்ததில் பிழை என்று நான் ஒரு குறிப்பு அச்சடித்து ஆபீசரிடம் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். யாரும் யாரையும் விளக்கம் கேட்கவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, சனிக்கிழமைகளில் அவர் அட்டைகளைப் பியூனிடம் கொடுக்காமல் உள்ளே கொண்டுவந்தார். முக்காலியில் உட்கார்ந்து, நான் விடுகிற அட்டைகள் உள்ளே போவதைப் பார்ப்பார். நாலு நிமிஷ வேலையை நான் பத்து நிமிஷமாக்கினேன். ஒரு தடவை அட்டையைத் தலைகீழாக விட்டேன். இயந்திரம் உடனே கூவி, எந்த அட்டை, என்ன தப்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய இயந்திரமாக இருந்தால் சுவர் வரை எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம்.

அடுத்த கோடையில் முகாம் முடிந்தது. தர்மபுரிப் பக்கம் புது முகாம் தொடங்குகிறார்கள் என்று உத்தரவு வந்தது. இயந்திரத்தை மறுபடி வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடைத்தோம். விரும்புகிறவர்கள் மாற்றலுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விண்ணப்பத் தாளை எனக்காக அவரே வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

"நீங்க வந்தா மெஷினுக்கு நல்லது" என்றார். பிறகு, வெட்டிவேர்த் தட்டி கழற்றியிருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் அந்தத் தாளை முழுக்க நிரப்பினேன். கையெழுத்தும் போட்டேன். வீட்டில் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்காதவளுக்கு அது எப்படித் தெரியும்? என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. அடுப்படியில் அம்மா, "பயலு விருதுநகர்ல எண்ணெய் யாவாரமாம், படிச்ச பொண்ணுதான் வேணுங்கானாம்" என்று பேசிக்கொண்டிருந்தபோது, தாள் என் கைப்பைக்குள்தான் இருந்தது. மேட்டின் மேலே நிற்கிறோம் என்பதே தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி, கீழே இறங்கிவர எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்துப் பயந்துவிட்டாள். இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. கடைசித் தேதி போனபிறகு அந்தத் தாளைக் கிழித்தேன்.

அவர் புறப்பட்ட அன்று ஆபீசுக்குச் சாவி கொடுக்கப் போனேன். ஜீப்பில் பெட்டிகள் ஏறியிருந்தன. "வாரேங்க" என்றார். "போய்ட்டு வாங்க" என்றேன். தாளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் நல்ல மனிதர். அவருக்குத் தூத்துக்குடியில் எண்ணெய்க் கடை வைத்துக் கொடுத்தார்கள். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். மகள் பிறந்தாள். கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பும்போது, நாற்பது பிள்ளைகளில் யாராவது ஒருத்தி சத்தமாகத் திருப்பிச் சொன்னால், மேற்கொண்டு எழுத முடியாமல் கொஞ்சம் நிற்பேன். டீச்சருக்கு மூச்சிரைப்பு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம், ஒரு பங்குனியில் மகளைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன். பஸ் பந்தல்குடியில் டீக்கு நின்றது. கடையோரம் வரிசையாக லாரிகள். ஒரு லாரியிலிருந்து இறங்கிய ஆள் என்னைப் பார்த்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கம்ப்யூட்டரம்மா!"

எங்கள் ஜீப் டிரைவர். முகாம் வேலையை விட்டுவிட்டு உப்பு லோடு அடிப்பதாகச் சொன்னார். மகளின் கன்னத்தைத் தட்டினார். பிறகு நான் கேட்காமலேயே சொன்னார்.

"தம்பி நல்லா இருக்காரும்மா. தர்மபுரிக்கு லோடு போனப்பப் பாத்தேன். கல்யாணம் ஆயிருச்சு. அம்மாவையும் அங்கயே கூட்டிக்கிட்டாரு. வீட்டுக்குள்ளயே கொழாயி. அம்மா அதத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருக்குன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"அப்படியா" என்றேன்.

"ஒங்களப் பத்திக் கேட்டாரு."

"என்ன கேட்டார்?"

"பெருசா ஒண்ணுமில்ல. எல்லாரும் சௌக்கியமா, நம்ம பக்கம் மழ தண்ணி உண்டான்னுதான். மறுபடி போனாப் பாப்பேன். ஏதும் சொல்லணுமா?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் காடு முழுக்க வெடித்துக் கிடந்தது. இரண்டு வருடமாகச் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. ஆட்டுக்கு ஒடித்துப் போடக்கூட வேலியில் பச்சை இல்லை.

"நல்ல மழைன்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் காட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிம்மா, சொல்றேன்" என்றார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்துக்கொண்டே வந்தார். அருப்புக்கோட்டை வரும்வரை நான் வெளியே வெடித்துக் கிடந்த காட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.